7. பேட்டரி வண்டியைப் பேணுதல்: வீட்டில், பஞ்சர் கடையில், மழையில்

பேட்டரி வீல்சேர் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறோம். பழுதானால் யார் வந்து பார்ப்பார் என்று கேட்பவர்கள் குறைவு. கம்பெனியின் சர்வீஸ் ஆள் பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ இருப்பார். நீங்கள் அறந்தாங்கியிலோ கோவில்பட்டியிலோ இருப்பீர்கள். போன் செய்தால் "அடுத்த வாரம் அந்தப் பக்கம் வர்ற வேலை இருக்கு சார், அப்படியே பாத்துடறேன்" என்பார். அந்த ஒரு வாரமும் வண்டி மூலையில் நிற்கும், நீங்கள் கட்டிலில் கிடப்பீர்கள்.

அந்த வாரத்தைத் தவிர்ப்பதற்காகத்தான் இந்த அத்தியாயம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியது எது, தெருமுனைப் பஞ்சர் கடையிலும் பேட்டரிக் கடையிலும் முடித்துக்கொள்ளக்கூடியது எது, கம்பெனி ஆளைத் தவிர வேறு யாரையும் தொடவிடக் கூடாதது எது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலான பழுதுகள் பழுதாகும் முன்பே பிடிபட்டுவிடும்.

தொடங்கும் முன் ஒன்று. வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மொத்தமாக உதவியாளரிடமோ வீட்டாரிடமோ விட்டுவிடாதீர்கள். தண்டுவடம் அடிபட்டு விரல் அசையாதவராக இருக்கலாம், தசைச்சிதைவால் கை தூக்க முடியாதவராக இருக்கலாம். திருப்புளி பிடிக்க வேண்டியது உங்கள் கை அல்ல. ஆனால் நாள் முழுக்க அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். நேற்று இல்லாத சத்தம் இன்று வருவதும், வழக்கமாக ஒரே மூச்சில் ஏறும் சாய்தளத்தில் இன்று திணறுவதும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். மெக்கானிக்கிடம் "வண்டி சரியில்ல" என்பதற்கும் "இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் கரகரன்னு சத்தம் வருது" என்பதற்கும் அரை நாள் வேலை வித்தியாசம்.

காலையில் இரண்டு 'டிக்'

வண்டியை ஆன் செய்து, ஜாய்ஸ்டிக்கை மெல்லத் தொட்டதும் பின்சக்கரங்களின் பக்கமிருந்து 'டிக்' என்ற சத்தம் வரும். உற்றுக் கேட்டால் அது இரண்டு சத்தம், இடது ஒன்று வலது ஒன்று. மோட்டாரின் பின்முனையில் இருக்கும் காந்த பிரேக் விடுபடும் ஒலி அது. இந்த பிரேக் ஸ்கூட்டர் பிரேக்குக்கு நேர்மாறாக வேலை செய்கிறது: மின்சாரம் இல்லாதபோது பிடித்துக்கொண்டிருக்கும், மின்சாரம் வந்தால்தான் விடும். அதனால்தான் சரிவில் பேட்டரி தீர்ந்துபோனாலும் வண்டி உருண்டு ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு பக்கத்து 'டிக்' மட்டும் கேட்டால் மறுபக்க பிரேக் விடவில்லை என்று பொருள். அதோடு ஓட்டினால் மோட்டார் சூடேறும். அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

மோட்டாரை ஒட்டி ஒரு சிறு லீவர் இருக்கும். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் லீவர் அது. அதைத் தள்ளும் நிலைக்கு மாற்றிவிட்டால் பல வண்டிகளில் பிரேக்கே கிடையாது. சாய்தளத்தில் நிற்கும்போது யாரும் அதைத் தொடக் கூடாது என்று வீட்டில் உள்ள குழந்தைகள் வரை சொல்லிவையுங்கள். வண்டி ஆன் ஆகியும் நகரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியதும் இதே லீவரைத்தான். விருந்தாளி யாராவது வண்டியைத் தள்ளி ஓரமாக வைத்துவிட்டு, லீவரை அப்படியே விட்டுப் போயிருப்பார்.

ஜாய்ஸ்டிக்கை விட்டதும் அது தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். மெதுவாக, சோம்பலாகத் திரும்பினால் அடியில் தூசியோ சர்க்கரைப் பிசுக்கோ சேர்ந்திருக்கும். ஆன் செய்யும் நொடியில் கை ஜாய்ஸ்டிக்கில் பட்டிருந்தால் வண்டி நகராமல் அடம் பிடிக்கும். அது பழுதல்ல, பாதுகாப்பு. அணைத்து, கையை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

பேட்டரி

வண்டி நின்றுபோனதற்கு மோட்டாரைக் குறை சொல்வார்கள், கண்ட்ரோலரைக் குறை சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் கைவிட்டது பேட்டரியாக இருக்கும். ஆகவே இந்தப் பகுதி நீளம்.

பெரும்பாலான வண்டிகள் 24 வோல்ட்டில் ஓடுகின்றன. ஈயப் பேட்டரி என்றால் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக இணைக்கப்பட்டு சீட்டுக்கு அடியில் இருக்கும். மடக்கும் வகை இலகு வண்டிகளில் லித்தியம் பேட்டரி கழற்றி எடுக்கக்கூடிய பெட்டியாக வருகிறது. உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் பழக்கவழக்கம் வேறு, சார்ஜரும் வேறு. ஒன்றின் சார்ஜரை மற்றொன்றுக்குப் போடவே கூடாது. பின் சரியாகப் பொருந்துகிறதே என்று போட்டால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும்.

"பேட்டரி முழுசா தீர்ந்தப்புறம்தான் சார்ஜ் போடணும், அப்பதான் ஆயுசு கூடும்" என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை அது. ஈயப் பேட்டரிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். இறுகிய பகுதி அப்புறம் மின்சாரத்தை ஏற்காது. ஒவ்வொரு முறை அப்படிக் கிடக்கும்போதும் பேட்டரியின் கொள்ளளவில் கொஞ்சம் நிரந்தரமாகப் போய்விடுகிறது. வழி எளிது: வண்டி ஓடிய நாளெல்லாம் இரவில் சார்ஜ் போடுங்கள், கொஞ்ச தூரமே ஓடியிருந்தாலும். 8 முதல் 10 மணி நேரம் நிற்கட்டும். நல்ல சார்ஜர் நிரம்பியதும் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதியில் பிடுங்கி, மறுபடி சொருகி, மறுபடி பிடுங்கும் பழக்கம்தான் கெடுதல். பச்சை விளக்கு வரும்வரை விட்டுவிடுங்கள்.

மருத்துவமனையில் ஒரு மாதம் படுக்க வேண்டியிருக்கிறது, வண்டி வீட்டில் நிற்கப்போகிறது என்றால் ஈயப் பேட்டரியை முழுதாக நிரப்பி, வண்டியை அணைத்து வைத்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவரிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓர் இரவு சார்ஜ் போடச் சொல்லுங்கள். லித்தியத்துக்கு இது மாறும். நிரம்ப நிரப்பியும் வைக்க வேண்டாம், காலியாகவும் வைக்க வேண்டாம். பாதிக்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதும், வெயில் படாத இடமாக இருக்கட்டும்.

வெயிலைப் பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். பேட்டரி தயாரிப்பவர்கள் ஆயுளைக் கணக்கிடுவது 25 டிகிரி வெப்பத்தில். அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வேலூரிலும் திருச்சியிலும் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு இன்னும் அதிகம். வீட்டுக்குள் இடமில்லை என்று வண்டியைத் தகரக் கொட்டகையில் நிறுத்துகிறவர்கள் இரண்டு வருடம் வர வேண்டிய பேட்டரிக்கு ஒரே வருடத்தில் பணம் கட்டுகிறார்கள். கூடத்தில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு வண்டிக்கு இடம் கொடுப்பது மலிவு.

சார்ஜ் போடும் இடத்துக்கும் சில விதிகள் உண்டு. ஈயப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு வெளியேறலாம். ஜன்னல் உள்ள அறையாக இருக்கட்டும். பூஜை மாடத்துக்குப் பக்கத்தில், விளக்கு எரியும் இடத்தில் வேண்டாம். லித்தியம் பேட்டரியை வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள், வெளியேறும் வாசலை அடைத்து வைக்காதீர்கள். பேட்டரிப் பெட்டி உப்பியிருந்தாலோ, தொட முடியாத சூடு இருந்தாலோ அதோடு அதன் கதை முடிந்தது. வீட்டுக்கு வெளியே எடுத்து வையுங்கள்.

சார்ஜர் பிளக்கின் மூன்றாவது கால் பெரிதாக இருக்கிறது, சுவரில் இரண்டு துளைதான் இருக்கிறது என்று அந்தக் காலை ஒடித்துவிட்டுச் சொருகும் வீடுகளைப் பார்க்கிறோம். அந்தக் கால்தான் எர்த். அதை ஒடிப்பதைவிட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு மூன்று துளை சாக்கெட் போடச் சொல்வது ஒரு மணி நேர வேலை. மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாள்களில் இரவு சார்ஜுக்கு இடைஞ்சல் இல்லை. இன்வெர்ட்டரில் சார்ஜ் போட வேண்டிய கட்டாயம் வந்தால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சார்ஜர் ரீங்காரமிட்டுச் சூடேறினால் உடனே எடுத்துவிடுங்கள்.

பேட்டரி கிழடாகிவிட்டதா என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். முழு சார்ஜுடன் கிளம்பி ஒரு சாய்தளத்தில் ஏறுங்கள். ஏறும்போது பேட்டரி விளக்குகள் பச்சையிலிருந்து சடாரென்று மஞ்சளுக்கோ சிவப்புக்கோ இறங்கி, மேலே போய் நின்றதும் பழையபடி பச்சைக்கு ஏறினால் பேட்டரி பலவீனப்பட்டுவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் சார்ஜரைக் கழற்றி சில மணி நேரம் ஓய்வுக்கு விட்டபின் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். நல்ல பேட்டரி 12.7, 12.8 வோல்ட் காட்டும். ஒன்று 12.8, மற்றது 12.2 என்றால் இரண்டாவது போய்விட்டது.

போனது ஒன்றுதானே என்று அதை மட்டும் மாற்றாதீர்கள். புதியதைப் பழையது இழுத்துக்கொண்டு போகும், சில மாதத்தில் இரண்டும் போகும். இரண்டையும் ஒரே தயாரிப்பில், ஒரே கொள்ளளவில், முடிந்தால் ஒரே தேதியில் தயாரானதாகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரிக் கடைக்காரர் "கார் பேட்டரி இருக்கு, அதே அளவுதான், விலையும் கம்மி" என்பார். கார் பேட்டரி இன்ஜினைக் கிளப்ப ஒரு நொடி வேகம் காட்டுவதற்குச் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுக்கச் சொன்னால் விரைவில் செத்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரியில் திரவ அமிலம் இருக்கிறது. வண்டி சாய்ந்தால் அமிலம் எங்கே கொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டு வாங்க வேண்டியது 'டீப் சைக்கிள்' வகை, மூடப்பட்ட ஏ.ஜி.எம். அல்லது ஜெல் பேட்டரி. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுங்கள். ஈயத்துக்கு விலை கழிப்பார்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பழைய பேட்டரி மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும் என்கின்றன.

மாற்றும்போது உதவுபவர் கையில் இருக்கும் மோதிரத்தையும் காப்பையும் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றச் சொல்லுங்கள். ஸ்பேனர் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் பொறி பறந்து கை வெந்துவிடும். கழற்றும் முன் வயர்கள் எந்த நிறம் எந்த முனையில் என்று செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில். முனை மாறிப் பூட்டினால் கண்ட்ரோலர் போய்விடலாம். அதன் விலை பேட்டரி விலையைவிடப் பல மடங்கு. முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, வாசலின் லேசாகத் தடவலாம். பிளக் கருகியிருந்தாலோ, உருகிய வாடை வந்தாலோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஃப்யூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றி 'ஓட்டிக்கொள்வது' வண்டியைக் கொளுத்துவதற்கு ஒப்பு.

டயரும் முன்சக்கரமும்

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் காற்றைப் பாருங்கள். இரண்டு பின்டயரிலும் காற்று ஒரே அளவில் இல்லாவிட்டால் அப்படித்தான் இழுக்கும். காற்றுக் குறைந்த டயரோடு ஓடும் வண்டிக்கு பேட்டரியும் வேகமாகத் தீரும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டில் எழுத்தாகப் புடைத்திருக்கும். பெரும்பாலும் 35 முதல் 50 பி.எஸ்.ஐ. வரை.

பஞ்சர் கடையில் ஓர் எச்சரிக்கை. லாரி டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸர் குழாயை வால்வில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால், நம் சின்ன டயர் ஓரிரு நொடியில் அளவு தாண்டி வெடிக்கும். "தம்பி, முப்பத்தஞ்சு போதும், கொஞ்சம் கொஞ்சமா விட்டு மீட்டர் பாத்து அடிங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒரு கால் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பாதியாகப் பிரியும் ரிம் உள்ள சக்கரத்தில் பஞ்சர் ஒட்டும்போது காற்றை முழுதாக வெளியேற்றிய பிறகுதான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். காற்றோடு கழற்றினால் ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும். ஸ்கூட்டர் சக்கரம் மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு இது தெரிந்திருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். காற்றே இல்லாத கெட்டி டயர் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குண்டும் குழியுமான நம் தெருவில் முதுகு வாங்கும் அடி அதற்கு ஈடு.

முன்பக்கச் சிறு சக்கரங்கள்தான் வீட்டுக் குப்பையையெல்லாம் பொறுக்கிக்கொள்ளும். அச்சில் தலைமுடி, பூக்கட்டிய நார், புடவை நூல், கயிற்றுத் துண்டு எல்லாம் சுற்றிக்கொண்டு நாளடைவில் கயிறு மாதிரி இறுகிவிடும். சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே போகும், வண்டி ஆடும். மாதம் ஒருமுறை கத்தரிக்கோலின் முனையால் வெட்டி இழுத்து எடுங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி விரலால் சுழற்றினால் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். அச்சில் தேங்காய் எண்ணெய் ஊற்றும் ஆசை வரும், வேண்டாம். பேரிங் மூடப்பட்ட வகை. வெளியே ஊற்றும் எண்ணெய் உள்ளே போகாமல் தூசியை மட்டும் ஒட்டவைக்கும். கால்தாங்கியின் கீல், மடக்கும் மூட்டு ஆகியவற்றுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். மோட்டார் பக்கம், பிரேக் பக்கம் எண்ணெய்க் கேனைக் கொண்டுபோகவே கூடாது.

நட்டு போல்ட் தளர்வது நம் சாலையில் இயல்பு. வாரம் ஒருநாள் கைப்பிடி, கால்தாங்கி, பின்பக்கம் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரம் மூன்றையும் கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தண்ணீர், உப்பு, எறும்பு, எலி

வாட்டர் வாஷ் கடையில் நிறுத்தினால் வண்டி பளபளவென்று வரும், ஆனால் அதோடு நிற்கவும் கூடும். பீய்ச்சும் தண்ணீர் மோட்டாருக்குள்ளும் கண்ட்ரோலர் பிளக்குக்குள்ளும் நுழைந்துவிடும். வண்டிக்குத் தேவை பிழிந்த ஈரத்துணி, அதன் பிறகு உலர்ந்த பனியன் துணி, அவ்வளவுதான்.

ஜாய்ஸ்டிக்கின் அடியில் குடை மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். வண்டியில் மிக மலிவான பாகம் அது, மிக விலை உயர்ந்த பாகத்தைக் காப்பதும் அதுதான். மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மயிரிழை அளவு கிழிசல் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். புது உறை வரும்வரை, மழையில் வெளியே போகும்போது ஜாய்ஸ்டிக் பெட்டியை ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளலாம். விளக்குகள் தெரியும், கையும் அசையும். காபி, பாயசம், இளநீர் எது சிந்தினாலும் உடனே அணைத்துத் துடையுங்கள். இனிப்பு காய்ந்த இடத்தைத் தேடி எறும்பு வரும். ஜாய்ஸ்டிக் பெட்டிக்குள் எறும்பு புகுந்தால் வண்டி தன் இஷ்டத்துக்கு நின்று நின்று போகும். எலித் தொல்லை உள்ள வீட்டில் சீட்டுக்கு அடியில் உள்ள வயர்களை வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு உறை கடிபட்டு உள்ளே செம்பு தெரிந்தால் ஓட்டாதீர்கள்.

ஐப்பசி கார்த்திகையில் தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்தான் இருக்கின்றன. சென்னையில் 2015 டிசம்பரிலும், தூத்துக்குடி திருநெல்வேலியில் 2023 டிசம்பரிலும் வந்தது போன்ற வெள்ளம் வந்து வண்டி மூழ்கிவிட்டால், வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்வதுதான் மிச்சம் இருப்பதையும் கெடுப்பது. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சேற்றைத் துடையுங்கள், நிழலில் காற்றாடிக்குக் கீழே பல நாள் காயவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள். கம்பெனி ஆள் பார்த்த பிறகே மின்சாரம். எச்சரிக்கை வந்தவுடனேயே வண்டியைத் திண்ணைமேலோ மாடிக்கோ ஏற்றிவிட ஆள் யார் என்று மழைக்காலத்துக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மெரினாவில் 2022 நவம்பரில் கடல் அருகே போகும் மரப்பாதை திறந்தபோது, அதுவரை கடலைத் தூரத்தில் இருந்தே பார்த்தவர்கள் அலை வரை போய்வந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதையில் போய்வந்த நாளில் வண்டிக்கும் கொஞ்சம் கவனம் தேவை. மணல் முன்சக்கர முட்கரண்டிக்குள் புகும், உப்புக் காற்று போல்ட்டுகளில் துருவை ஏற்றும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த பிரஷ்ஷால் மணலைத் தட்டி, பிறகு நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் இரும்பு பாகங்களைத் துடைத்துவிட்டால் போதும். அதற்காகக் கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

இருக்கை

மோட்டார் நின்றால் ஒரு வாரம் போகும். இருக்கை மெத்தை கெட்டால் அழுத்தப் புண் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் போடும். ஆனாலும் வண்டியை சர்வீஸ் விடுபவர்களில் மெத்தையைக் காட்டுபவர் அரிது.

ஃபோம் மெத்தையை வெளியே எடுத்து, நீங்கள் உட்காரும் இடத்தில் முஷ்டியால் அழுத்தி விடுங்கள். பள்ளம் மெல்லத்தான் நிமிர்கிறது, அல்லது அடியில் உள்ள பலகை கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் மெத்தையை மாற்ற வேண்டும். காற்று அறைகள் உள்ள மெத்தையானால் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உதவியாளர் அடியில் கையை நுழைத்து, உட்காரும் எலும்பு எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே பார்க்க வேண்டும். எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவே அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை காற்று இருக்க வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. உறையில் சுருக்கம் விழாமல் இழுத்துவிடுங்கள், துவைத்தால் முழுதும் காய்ந்த பிறகு போடுங்கள்.

வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்பு ரெக்ஸின் சீட்டும் கால்தாங்கி இரும்பும் தோலைச் சுட்டுவிடும். காலில் உணர்ச்சி இல்லாதவருக்குச் சுடுவதே தெரியாது, மாலையில் கொப்புளம்தான் தெரியும். உட்காரும் முன் உதவியாளர் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும்.

விளக்கு சிமிட்டினால்

பல வண்டிகளில் வரும் வி.ஆர்.2 என்ற கண்ட்ரோலரில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பத்து விளக்குகள் இருக்கும். பழுது வந்தால் அவற்றில் சில வேகமாகச் சிமிட்டும். எத்தனை சிமிட்டுகின்றன என்று எண்ணுங்கள். 1 என்றால் சார்ஜ் தீர்ந்துவிட்டது அல்லது பேட்டரி இணைப்பு தளர்ந்திருக்கிறது. 2, இடது மோட்டாரின் இணைப்பு. 4, வலது மோட்டாரின் இணைப்பு. 6, சார்ஜர் இன்னும் சொருகியிருக்கிறது. பிடுங்கினால் சரியாகிவிடும், இதற்கு ஆளைக் கூப்பிட்டு வெட்கப்பட வேண்டாம். 7, ஜாய்ஸ்டிக். 9, பிரேக்கின் இணைப்பு. 3, 5, 8, 10 வந்தால் கம்பெனி ஆள்தான். 2, 4, 9 வந்தால், வண்டியை அணைத்து, அந்தப் பக்கத்து பிளக் ஆடியிருக்கிறதா என்று பார்த்து அழுத்திவிட்டு மறுபடி ஆன் செய்யலாம். சிமிட்டல் போய்விட்டால் போதும், மீண்டும் வந்தால் சொல்லியனுப்புங்கள். வேறு கண்ட்ரோலராக இருந்தால் எண்ணிக்கையின் பொருள் வேறு. கையேட்டில் உள்ள அந்தப் பக்கத்தைப் படியெடுத்து லேமினேட் செய்து சீட்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

வண்டி ஆன் ஆகிறது, ஆனால் அசையவே இல்லை, லீவரும் சரியாக இருக்கிறது என்றால் பூட்டிக்கொண்டிருக்கலாம். இந்த வகை ஜாய்ஸ்டிக்கில் ஆன் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி, பிறகு முன்னும் பின்னும் தள்ளினால் பூட்டு விழும். பேரப்பிள்ளை விளையாடினால் போதும். ஆன் செய்து, ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளி 'பீப்' வரும்வரை பிடியுங்கள், பிறகு பின்னால் இழுத்து 'பீப்' வரும்வரை பிடியுங்கள், விடுங்கள். பூட்டு திறந்துவிடும்.

தூக்கும்போதும் ஏற்றும்போதும்

ஈயப் பேட்டரி ஒன்று 35 ஆம்பியர்-மணி என்றால் 11, 12 கிலோ இருக்கும். வேனில் ஏற்றும் முன் இரண்டையும் கழற்றினால் தூக்குபவர்களின் இடுப்பு தப்பும். கைதாங்கியையும் கால்தாங்கியையும் பிடித்துத் தூக்கக் கூடாது, அவை கழன்று வரும். கீழ்ச்சட்டத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். உதவ ஓடிவரும் நாலு பேரும் நாலு பக்கம் பிடிக்கும் முன் "அண்ணே, கீழ இருக்கற இரும்பைப் புடிங்க" என்று சத்தமாகச் சொல்லிவிடுவது நல்லது. இறக்கியதும் லீவர், பிளக், ஜாய்ஸ்டிக் மூன்றையும் பாருங்கள். முதுகுச் சாய்வில் கனமான பையை மாட்டிக்கொண்டு சாய்தளம் ஏறினால் வண்டி பின்பக்கம் கவிழும். பையை மடியிலோ சீட்டுக்கு அடியிலோ வையுங்கள்.

கையோடு வைத்திருக்க வேண்டிய சாமான் அதிகமில்லை: ஆலன் கீ ஒரு செட், 10, 13 எண் ஸ்பேனர், காற்று மீட்டர், உபரி ஃப்யூஸ், இன்சுலேஷன் டேப், டார்ச். கண்ட்ரோலர் பெட்டியைத் திறக்க இதில் எதுவும் உதவாது, திறக்கவும் வேண்டாம். செல்போன் ரிப்பேர் தெரிந்த பையன் "நான் பாக்குறேன்ணே" என்றாலும் அன்போடு மறுத்துவிடுங்கள். திறந்த கண்ட்ரோலருக்குக் கம்பெனியின் உத்தரவாதம் பெரும்பாலும் இல்லை. அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாக வந்த வண்டியானால் வழங்கிய நாளின் ஆவணம், உத்தரவாத அட்டை, சட்டத்தில் ஒட்டியுள்ள வரிசை எண் ஸ்டிக்கரின் படம் மூன்றையும் செல்போனிலும் ஒரு பிளாஸ்டிக் உறையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் வெயிலிலும் வேர்வையிலும் அழிந்துபோகும், சர்வீஸுக்குப் போன் செய்தால் அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.